மறுகா என்றொரு சொல்

மனே,

ஒரு சொல்லுக்காக ஒரு மனிதரை எத்தனை வருடம் வெறுக்கலாம்? எனக்கு விடை தெரியாது. பதினொரு வருடம் முடிகிறது என்பது மட்டும் தெரியும். அதற்கு மேலும் முடியுமா, முடிந்தாலும் அது சரிதானா என்று யாராவது கேட்டால் நான் எழுந்து தேநீர் போடப் போய்விடுவேன். நீ இதைக் கேட்கவில்லை. நீ கேட்டது, அந்த வியாழக்கிழமை ரெனானில் நம் வீட்டுத் தொலைபேசியை ஏன் நாள் முழுக்க எடுக்கவில்லை என்று. "ரயிலில போனன்" என்றேன். "அது தெரியும் அம்மா, எங்க?" என்றாய். "லுசேர்ணுக்கு. கார்னிவல் பார்க்க." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மேளச் சத்தத்துக்குப் பயந்து கோயில் திருவிழாவுக்கே வராத அம்மா, பெப்ரவரிக் குளிரில் தனியாகக் கார்னிவலுக்குப் போனாள் என்றால் சிரிப்பு வரும்தான். அடுத்த நாள் நம் வீட்டில் நடந்ததை நீ கண்ணால் பார்த்தாய். ஆனால் என்ன நடந்தது என்று உனக்கு விளங்கியிருக்காது. இன்னும் சில வாரங்களில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன் உனக்கு மட்டும் இதை எழுதுகிறேன். கல்யாணம் முடிந்த பிறகு, பெயர்களை எடுத்துவிட்டு, நம் ஆட்கள் வாசிக்கும் சஞ்சிகை ஒன்றுக்கும் கொடுப்பேன். என்னைப் போல் கையெழுத்து வைத்தவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எனக்கு ரயில் பைத்தியம் என்று நீ உன் சிநேகிதர்களிடம் சொல்வது எனக்குத் தெரியும். மறுக்கவில்லை. மற்றப் பெண்கள் சேலைப் பட்டியல் பார்ப்பதுபோல் நான் ஒவ்வொரு வருடமும் புது நேர அட்டவணைப் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னையும் இழுத்துக்கொண்டு ஒவ்வொரு பாதையின் கடைசி நிலையம் வரை போய் வந்தேன். பேராதனையில் புவியியல் படித்தவள், ஊரில் பள்ளிக்கூடத்தில் அதைப் படிப்பித்தவள், இங்கே வயோதிபர் இல்லத்தில் படுக்கை விரிக்கிறாள். அவளுக்கு ஒரு வரைபடம் தேவைப்பட்டது என்று நீ நினைத்திருப்பாய். அது பாதிதான் உண்மை. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த காகிதங்களில், சொன்னது சொன்னபடி நடந்தது அந்தப் புத்தகத்தில் மட்டும்தான். மற்றக் காகிதங்களை நான் நம்பவில்லை, அவையும் என்னை நம்பவில்லை.

உனக்குப் பதின்மூன்று வயதில் ஒரு தடவை யூரா மலைப் பக்கம் ஒரு சின்ன நிலையத்தில் பனிக்குள் இரண்டு மணி நேரம் நின்றோமே, நினைவிருக்கிறதா? வேலை நாளில் மட்டும் ஓடும் ரயிலுக்குப் பக்கத்தில், அட்டவணைப் புத்தகத்தில், இரண்டு சுத்தியல் படம் போட்டிருக்கும். நான் அதைக் கவனிக்கவில்லை. அன்று ஞாயிறு. "அம்மா, நீங்க பிழையா வாசிச்சிட்டீங்க" என்று நீ சொன்னாய். "புத்தகத்தில பிழை" என்று நான் சொன்னேன். வீட்டுக்கு வந்து நீ தூங்கிய பிறகு எடுத்துப் பார்த்தேன். சுத்தியல் அங்கேதான் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், பிழை என்னுடையது. இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும்.

நாம் இங்கே வந்த வருடம் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வயது உனக்கு, வெளியே தாழ்வாரத்தில் ஒரு படக்கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாய். உள்ளே ஒரு அதிகாரி, தட்டச்சு செய்ய ஒரு பெண், மொழிபெயர்க்க ஒரு தமிழர். நல்ல கோட்டு, யாழ்ப்பாணப் பேச்சு. நான் வாயைத் திறந்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "மட்டக்களப்போ? உங்கட தமிழுக்கு எனக்கே ஒரு ஆள் வேணும்" என்றார். பகிடிதான். ஆனால் அதை, நாம் டொச் என்னும் ஜேர்மன் மொழியிலும் சொல்லி அதிகாரியையும் சிரிக்கவைத்தார். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் "அவசரமில்லை, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்பார். நானும் ஆறுதலாகத்தான் சொன்னேன். "ஆமி வீட்டுக்கு வந்தது. மறுகா இவரைக் கொண்டு போனாங்க." நம் பக்கத்தில் மறுகா என்றால் பிறகு. பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவர் அதை 'மறுபடியும்' என்று எடுத்தார். இராணுவம் வந்து உன் அப்பாவை மறுபடியும் கொண்டுபோனதாக எழுதப்பட்டது. மறுபடியும் என்றால் முதல் தடவை எப்போது என்று அதிகாரி கேட்டார். "முதல் தரம் எப்ப?" என்று இவர் என்னிடம் கேட்டார். நான் அந்த நாளைத்தான் கேட்கிறார் என்று நினைத்து மாதத்தைச் சொன்னேன். சில மாதம் கழித்து இரண்டாவது விசாரணை. அங்கே வேறு மொழிபெயர்ப்பாளர். எத்தனை தடவை கொண்டுபோனார்கள் என்று கேட்டார். ஒரு தடவை என்றேன். அவ்வளவுதான். முக்கியமான விடயத்தில் முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னவள் என்று முடிவெடுத்து, அகதிக் கோரிக்கையை நிராகரித்தார்கள். நம்மைத் திருப்பி அனுப்பவில்லை, தற்காலிகமாக இருக்கவிட்டார்கள். ஆனால் தற்காலிகமாக இருப்பவள் புருஷனைக் கூப்பிட முடியாது.

ஆமி முகாமிலிருந்து விட்ட பிறகு உன் அப்பா கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி நம் கடிதத்துக்காகக் காத்திருந்தார். "விசா எப்ப வரும்?" என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே கேள்வி. காத்திருந்து அலுத்து ஊருக்குத் திரும்பினார். தொண்ணூறாம் ஆண்டு, இரண்டாவது தடவையாக, உண்மையிலேயே மறுபடியும், கொண்டுபோனார்கள். அதன் பிறகு தகவல் இல்லை. அதற்குப் பிறகுதான் ஒரு வக்கீல் என் கோப்பின் பிரதியை எடுத்துத் தந்தார். அதை நான் அகராதி வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்தேன். ஏழாம் பக்கத்தில் 'நொஹ் ஐன்மால்' என்று இரண்டு சொல்லுக்குக் கீழே அதிகாரி பேனாவால் கோடு இழுத்திருந்தார். இன்னொரு தடவை என்று பொருள். நான் ஜேர்மன் மொழியில் மறக்காமல் வைத்திருக்கும் முதல் சொல் அதுதான்.

கடந்த ஒக்டோபரில் பெண் பார்க்க லுசேர்ணுக்குப் போனோம். பிள்ளையை எனக்குப் பிடித்தது, இப்போதும் பிடிக்கிறது. தகப்பன் இல்லாத பிள்ளை, பெரியப்பாதான் எல்லாம், கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுக்கப்போவதும் அவர்தான் என்று தாய் சொன்னாள். பெரிய ஹோட்டல் ஒன்றின் குசினிக்குப் பொறுப்பாக இருக்கிறார், முந்தி மொழிபெயர்ப்பும் செய்தவர் என்றாள். அவர் உள்ளே வந்தார். தலை நரைத்திருந்தது, வயிறு போட்டிருந்தது, எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் சம்பிரதாயத்துக்கு ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி, "அவசரமில்லை அக்கா, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றார். என் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தேன். எழுந்து என் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அம்மாவுக்கு ரயில் களைப்பு என்று நீ சமாளித்தாய். அவருக்கு என்னைத் தெரியவேயில்லை, மனே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் பதினொரு வருடம் சுமந்துகொண்டிருந்த மனிதர் என்னை அன்று மாலையே இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ கல்யாணத்தை நிறுத்தியிருப்பாய், அல்லது நிறுத்தாமல் இருந்திருப்பாய். இரண்டையும் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அதனால் நானே முடிவு செய்தேன். முதலில் அவரிடம் கேட்பேன். அவர் மறுத்தால், அல்லது சிரித்தால், அழைப்பிதழ் எழுத அவர்கள் நம் வீட்டுக்கு வரும் வெள்ளிக்கிழமை, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுவேன். உன் கல்யாணத்தை நான் அவ்வளவு மெல்லிய நூலில் தொங்கவிட்டேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவரிடம் கேட்கவில்லை.

எப்படிக் கேட்பது என்பதைச் சொல்லித் தந்தவள் என்னோடு வேலை செய்யும் றோஸ்மரி, லுசேர்ண்காரி. அவர்கள் ஊரில் கார்னிவல் நாளில் முகமூடி போட்டவர், போடாதவரைத் தெருவில் நிறுத்தி, அவரைப் பற்றிய உண்மையை முகத்துக்கு நேரே சொல்லலாமாம். யாரையும் 'நீ' என்றுதான் சொல்ல வேண்டும், மேயராக இருந்தாலும். குரலை மாற்றிக்கொள்ள வேண்டும். கேட்பவர் கோபிக்கக் கூடாது, முகமூடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. "வருஷத்தில் ஒரு தடவையாவது நாங்களும் வாய் திறக்க வேண்டாமா?" என்றாள் றோஸ்மரி. தன் பாட்டியின் முகமூடியையும் ஒரு பழைய பாவாடையையும் தந்தாள். மூக்கு நீண்ட, ஒரே ஒரு பல்லுள்ள கிழவி முகம். பெரியப்பா ஒவ்வொரு கார்னிவலுக்கும் ஹோட்டல் வாசலில் சூப் விற்பார் என்பது உன் பெண் சொல்லித் தெரியும். புருஷனின் பெயரைக்கூட உரக்கச் சொல்லாமல் வளர்ந்தவள் நான். என்னிலும் வயதில் மூத்த, சம்பந்தியாகப் போகிற ஒரு ஆண்பிள்ளையை நடுத்தெருவில் 'நீ' என்று கூப்பிடப் போகிறேன் என்று நினைத்தபோது பயமாக இருந்தது. இனிப்பாகவும் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஓல்டன் வழியாகப் போனால் வேகம். நான் பேர்ணில் இறங்கி லங்னாவ் வழியாகப் போகும் பழைய பாதையை எடுத்தேன். பழி வாங்கப் போகிறவளுக்கு அவசரம் கூடாது, அதோடு அந்தப் பாதையில் நான் அதுவரை போனதில்லை. பனி மூடிய வயல்கள், ஒவ்வொரு நிலையத்திலும் மணிக்கூடு, எங்கேயும் ஒரு நிமிடம் பிந்தவில்லை. எதிர்ரயிலுக்காகக் காத்திருக்கும் நிலையங்களைப் புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். எஷொல்ட்ஸ்மட்டில் ஒரு குடும்பமே மாடு வேஷத்தில் ஏறியது. நான் மடியில் கிழவியின் முகத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஏழாம் பக்கத்தை மனப்பாடம் செய்தேன். திரும்பி வரும் ரயிலையும் தெரிவு செய்திருந்தேன். நீ அறிவாய், நான் ஒரு ரயிலைத் தவறவிட்டதில்லை.

லுசேர்ணில் பாலத்தின் மேல் பஸ் ஓடவில்லை. மேலே பஸ்ஸுக்கான மின்கம்பிகள் சும்மா தொங்கின, கீழே ஆயிரம் முகமூடிகள். நடந்து போனேன். அவர் ஹோட்டல் வாசலில் பெரிய கிடாரத்துக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு நின்றார். பக்கத்தில் பாண் வெட்டிக்கொண்டு ஒரு மெலிந்த மனிதர். நான் முகமூடியை மாட்டிக்கொண்டு வரிசையை விலக்கி முன்னால் போய், குரலை மூக்கால் இழுத்து, "ஏய் சூப்காரா, நீ நல்லா டொச் கதைப்பாயாமே" என்றேன்.

அவர் திகைத்து, பிறகு வாய் நிறையச் சிரித்தார். "அட, தமிழ்ப் பேய் ஒண்டு. தங்கராசா, இஞ்ச பார், உங்கட ஊர்க் கிழவி போல கிடக்கு. ஒரு பல்லுத்தான், பாண் வேண்டாம், சூப் மட்டும் குடு."

"சூப் மறுகா குடிக்கிறன். முதல் நான் சொல்றதை இந்தச் சனத்துக்கு டொச்சில சொல்லு."

"சொல்லடி கிழவி, ஆறுதலாச் சொல்லு" என்றார். அவரே சொன்னார், மனே. நான் கேட்கவில்லை.

"ஆமி வீட்டுக்கு வந்தது. மறுகா இவரைக் கொண்டு போனாங்க."

அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "இதென்ன கார்னிவல் கதை" என்று முணுமுணுத்தார். ஆனால் சூப்புக்கு நின்ற சனம் என்னவென்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவருக்குத் தன் டொச்சில் பெருமை. கரண்டியை உயர்த்தி, மேடையில் பேசுவதுபோல் சொன்னார். நான் காத்திருந்தேன். வந்தது. நொஹ் ஐன்மால். பதினொரு வருடம் கழித்து, பட்டப்பகலில், சனத்தின் முன்னால், அதே பிழை.

நான் ஏழாம் பக்கத்தைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து ஒரு வாத்தியக் குழு தெருவுக்குள் திரும்பியது. தகர மேளமும் எக்காளமும், வேண்டுமென்றே சுருதி தப்பி வாசிப்பவர்கள். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முழுப் பக்கத்தையும் வாசித்தேன். அவர் காதில் கையை வைத்து, தலையாட்டி, சிரித்து, ஒரு கோப்பை சூப்பை என் முன்னால் வைத்தார். குழு கடந்து போனதும் பாண் வெட்டிய தங்கராசா கத்தியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அண்ணை, நீங்க பிழையாச் சொல்லிப்போட்டீங்க. எங்கட பக்கம் மறுகா எண்டா பிறகு. திரும்ப எண்டில்ல."

"எத்தனை வருசமா?" என்றார் இவர்.

"எத்தனை வருசமாவோ? எங்களுக்குப் பேச்சு வந்த நாளில இருந்து, அண்ணை."

அவர் கரண்டியைக் கிடாரத்துக்குள் விட்டார். என்னைப் பார்த்தார், முகமூடியின் கண் ஓட்டைகளைப் பார்த்தார். "ஆர் நீங்கள்?" என்று கேட்டார். நீயெல்லாம் போய், நீங்கள்.

"மறுகா சொல்றன்" என்றேன்.

பக்கத்தை மடித்து அந்தக் கோப்பையின் கீழ் வைத்தேன். மடிக்கும்போதுதான் அடியிலிருந்த கையெழுத்துகள் கண்ணில் பட்டன. அதிகாரியுடையது ஒன்று, மொழிபெயர்ப்பாளருடையது ஒன்று, மூன்றாவது என்னுடையது. வட்ட வட்டமான ரீச்சர் எழுத்து. மற்ற இரண்டையும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், என்னுடையதைப் பார்க்காமலே இருந்துவிட்டேன். விசாரணை முடிந்ததும் எழுதியதை அவர் தமிழில் எனக்குத் திருப்பி வாசித்தார், மனே. அது விதி. ஒவ்வொரு பக்கமும் வாசித்து, சரி என்றால் கையெழுத்து வைக்க வேண்டும். ஏழாம் பக்கத்தில் "திரும்பவும் கொண்டு போனாங்கள்" என்று அவர் வாசித்தது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று உன் அப்பாவுக்கு எழுதினேன். விழுந்தது. நிறுத்தி, "அப்படி நான் சொல்லவில்லை" என்றிருக்கலாம். என் தமிழைப் பார்த்து ஏற்கெனவே சிரித்தவரிடம், பட்டதாரியான நான் ஒரு சொல்லுக்காக வாதாடுவதா என்று ரோஷம். அவர்களுடைய பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு கையெழுத்து வைத்தேன். அவருடைய அலட்சியமும் என்னுடைய ரோஷமும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. இதனால் அவர் மீதுள்ள கோபம் குறைந்தது என்று நினைக்காதே. அவர் அந்த வேலையைத் தெரிந்து செய்யப் போனவர், நான் தெரியாமல் போய் உட்கார்ந்தவள். ஆனால் இனி அவரை வெறுக்கும்போது எனக்கும் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. இரவு முழுக்க அவர் அதோடு இருக்கட்டும் என்றுதான் வைத்துவிட்டு வந்தேன். நிலையத்தில் நான் தெரிவு செய்த ரயில் நின்றது. நான் மேடையில் நின்றேன், கிழவி முகம் என் கையில் இருந்தது. கதவுகள் மூடின. என் கண் முன்னால் அது போனது, சரியான நேரத்துக்கு. அடுத்ததில் வந்தேன். அதனால்தான் நீ அழைத்தபோதெல்லாம் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி இல்லை. உன் பெண் ஒன்று சொல்லி, நீ அதை அவளுக்குத் திருப்பிச் சொல்லும்போது அவள் முகம் மாறினால், அங்கேயே நில். உன் சொல்லை யாராவது திருப்பிச் சொல்லும்போது அது உன் சொல்லாக இல்லாவிட்டால், எத்தனை பேர் சிரித்தாலும், நிறுத்து. பிள்ளைகள் பிறந்தால் மறுகா என்ற சொல்லைச் சொல்லிக்கொடு. அவள் யாழ்ப்பாணம் என்பதால் பிறகு என்பதற்கு வீட்டில் 'பேந்து' வரும், வரட்டும், ஆனால் மறுகாவும் இருக்கட்டும். உன் பெரிய மாமாவை மன்னிக்க வேண்டுமா என்று என்னிடம் வந்து கேட்காதே. நான் மன்னிக்கவில்லை. நீ உன் விருப்பம்.

அடுத்த நாள் நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு பேரும் வந்தீர்கள், நீயும் பிள்ளையும் தாயும் அவரும். அவர் சவரம் செய்யவில்லை என்பதை நீ கவனித்திருக்க மாட்டாய். கோட்டுப் பையில் மடித்த காகிதத்தின் ஓரம் தெரிந்தது. சம்பந்தம் வேண்டாம் என்பதற்கான வசனத்தை நான் தயாராக வைத்திருந்தேன். தேநீர் கொடுத்தேன், அவருக்குச் சீனி போடவில்லை, அவர் கேட்கவும் இல்லை. நீ எழுதி வைத்திருந்த அழைப்பிதழை வாசிக்கச் சொல்லி அவரிடம் கொடுத்தாய். அவர் கண்ணாடி போட்டு, முதல் வரியை வாசித்து, நிறுத்தினார். என்னைப் பார்த்து, "சரியோ அக்கா? பிழையெண்டால் இப்பவே சொல்லுங்கோ" என்றார். சரி என்றேன். இரண்டாவது வரி. நிறுத்தினார், பார்த்தார், கேட்டார். "பெரிய மாமா, இப்பிடி வாசிச்சா விடிஞ்சிடும்" என்று நீ பகிடி விட்டாய். அவர் சிரிக்கவில்லை. நான்காவது வரியில் உன் அப்பாவின் பெயர் வந்தது. பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று நீ எழுதியிருந்தாய்.

"நில்லுங்க," என்றேன். "அப்படி நான் சொல்லவில்லை. அந்தச் சொல்லை எடுங்க. அவர் எங்க என்று யாரும் எனக்கு இன்னும் சொல்லவில்லை."

நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். அவர் கையைக் காட்டி உன்னை நிறுத்தினார். பையிலிருந்து பேனாவை எடுத்தார், அந்தக் காகிதமும் கூடவே வந்து மடியில் விழுந்தது, அதை எடுக்கவில்லை. 'காலஞ்சென்ற' என்ற சொல்லை ஒரே கோட்டால் வெட்டினார். வெட்டியதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் பார்த்தேன். தலையாட்டினேன். மறுகா அவர் அடுத்த வரியை வாசித்தார்.